கிணற்றில் இறங்கிய கயாக்

போன வைகாசியில் ஒரு பழைய கயாக், வாலாஜாபேட்டையில் உள்ள என் லேத் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூடிக்கிடந்த ஒரு விடுதியின் தோட்டத்தில் மூன்று கோடையும் மூன்று மழையும் பார்த்துக் கவிழ்ந்து கிடந்த கண்ணாடி நாரிழைப் (ஃபைபர் கிளாஸ்) படகு அது. நீளம் 10 அடி, எடை 22 கிலோ. ஒருவர் உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை. 4,500 ரூபாய் கொடுத்தேன். அடிவயிற்றில் என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைச் சுற்றி வெடித்துப்போன பூச்சு. உள்ளே எறும்புப் புற்று.

"பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது, இங்கே படகு எதற்கு?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2021 நவம்பரில் இதே பாலாறு இரு கரை தொட்டு ஓடியதை வாலாஜா அணைக்கட்டுப் பக்கம் நின்று பார்த்தவன் நான். அன்றிலிருந்து மனத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தலைமுறை கிணற்றில் குதித்து நீச்சல் கற்றது. என் மகளோ பத்தொன்பது வயது வரை முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. வட ஆர்க்காட்டில் தண்ணீர் அரிது என்பதாலேயே பிள்ளைகளுக்குத் தண்ணீரோடு பழக்கம் அற்றுப்போகிறது. ஏரி நிரம்புகிற வருடத்தில்தான் துயரச் செய்திகள் வருகின்றன.

கயாக் என்ற சொல்லையே எனக்கு அறிமுகப்படுத்தியது அக்கா மகன். வேலைக்காக வட நார்வேயில் இருக்கிறான். கோடை விடுமுறைக்கு ஒரு வேனை எடுத்துக்கொண்டு லோஃபோட்டன் தீவுகளுக்குப் போவான். கடல் ஓரமாக வேனை நிறுத்தி அதிலேயே உறங்கி, காலையில் கூரையிலிருந்து கயாக்கை இறக்கிக் கடலில் போவான். மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. இரவு 12 மணிக்கும் வெளிச்சத்தில் துடுப்புப் போடுகிற படங்களை அனுப்புவான். அந்த அழகைவிட என்னைப் பிடித்தது அவன் சொன்ன வேறொரு விஷயம். "மாமா, இங்கே கோடையிலும் கடல் 12, 13 டிகிரிதான். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அதனால் படகு ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கவிழக் கற்றுக்கொடுக்கிறார்கள். கரையில் இருப்பவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லாமல் யாரும் போவதில்லை." நம் கடலில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் அந்த வரிசை, அதாவது முதலில் கவிழ்தல், பிறகு ஓட்டுதல், நமக்கும் அப்படியே பொருந்தும் என்று பட்டது. இந்த வேலை முழுவதையும் அந்த வரிசையிலேயே செய்தேன்.

ஓட்டையை அடைத்தது

எனக்கு இரும்பு தெரியும், நாரிழை தெரியாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயனத் தொட்டிகளுக்கு நாரிழை வேலை செய்கிற அண்ணன் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவர் வந்து படகைத் திருப்பிப் போட்டு, ஒரு ரூபாய் நாணயத்தால் அடிப்பகுதி முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்டது. ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குப் 'பொத்' என்று அமுங்கிய ஒலி. அங்கெல்லாம் நாரும், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் ரெசின் என்கிற பிசினும் பிரிந்துவிட்டன என்று பொருள். ஓட்டையை மட்டும் அடைத்தால் ஒட்டு நிற்காது, 'பொத்' என்ற ஒலி நிற்கிற எல்லை வரை வெட்டி எடுக்க வேண்டும் என்றார். உள்ளங்கை அளவு ஓட்டை, வெட்டி முடித்தபோது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவாக இருந்தது. பார்க்க வயிறு கலங்கியது.

வெட்டின விளிம்பை நேர்க்குத்தாக விடக் கூடாது. கிரைண்டரில் 80 நம்பர் உப்புத்தாள் வட்டைப் போட்டு, வெளியிலிருந்து உள்நோக்கி மூன்று அங்குல அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தோம். தோசைக் கல்லின் ஓரம் போல மெல்ல மெலிந்து முடிய வேண்டும். ஒட்டுப் போடும் ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிதாக அந்தச் சரிவில் படிந்தால்தான் பிடிப்புக் கிடைக்கும். இந்தத் தேய்ப்பில் பறக்கிற தூள் கண்ணாடித் தூள். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எதையும் விடாதீர்கள். நான் கழுத்தை மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழுத்தில் அரிப்பு. வெந்நீரில் குளித்தால் அந்த ஊசிகள் இன்னும் உள்ளே போகும், பச்சைத் தண்ணீரில் குளியுங்கள் என்று அண்ணன் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

ரெசின் கலப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் ஒரு டப்பா, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஒரு சிறு பாட்டில், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு சிறு பாட்டில் என்று மூன்றாகக் கடையில் கொடுப்பார்கள். ரெசினில் முதலில் கோபால்ட்டை ஊற்றி நிறம் ஒரே சீராகும் வரை கலக்க வேண்டும். அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் ஒரு துளி கூடச் சேரக் கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் பட்டறையின் இரண்டு மூலைகளில் வைத்தேன். அளக்கும் ஊசிக்குழல்களுக்கு ஒன்றில் சிவப்பு நாடா, ஒன்றில் நீல நாடா.

வைகாசியில் எங்கள் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகல் 11 மணிக்கு முதல் கலவையைக் கலந்தேன். இரண்டு சதவீதம் கேட்டலிஸ்ட். தூரிகையில் தொட்டு இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் டப்பாவிலேயே அல்வா பதம் வந்து, கையில் பிடிக்க முடியாமல் சுட்டது. கால் லிட்டர் ரெசின் வீண். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, கேட்டலிஸ்ட்டை ஒரு சதவீதமாகக் குறைத்து, ஒரு நேரத்துக்கு 350 கிராமுக்கு மேல் கலப்பதில்லை என்று வைத்துக்கொண்ட பிறகு இருபது நிமிடம் வேலை செய்ய நேரம் கிடைத்தது. 350 கிராமுக்கு மூன்றரை கிராம் கேட்டலிஸ்ட். நகைக்கடைத் தராசு மாதிரியான சிறு தராசு இருந்தால் நல்லது.

மேட் என்பது வெட்டின கண்ணாடி இழைகளை அமுக்கிச் செய்த பாய். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ளதை வாங்கினேன். மேட் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். என் ஒட்டுக்கு மூன்று அடுக்கும் சேர்ந்து 135 கிராம் மேட். ஏறக்குறைய 340 கிராம் ரெசின். உள்பக்கம் ஒரு வளைந்த தகட்டில் மெழுகு தடவித் தாங்கலாகக் கட்டி, வெளியிலிருந்து அடுக்கினோம். ரெசினில் நனைந்ததும் வெள்ளை மேட் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். எங்கே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது. பள்ளம் வெட்டிய சிறு உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். மகள் இதில் என்னைவிடப் பொறுமை. டார்ச் லைட்டைப் படகின் உள்ளே வைத்து, வெளியிலிருந்து வெளிச்சத்தில் குமிழி தேடினாள். பதினொரு குமிழிகளை அவள்தான் பிடித்தாள்.

மேலே ஜெல்கோட் என்கிற நிறப்பூச்சைப் பூசித் தேய்த்து மழமழப்பாக்கியது சாதாரண வேலை. நிறம் சரியாகப் பொருந்தவில்லை. பழைய மஞ்சள் நடுவே புதுமஞ்சளாக ஒரு வட்டம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

கசிவு பார்க்கப் படகைத் தண்ணீரில் போட வேண்டியதில்லை. இரண்டு முக்காலிகள் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே காய்ந்த சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துவிட்டேன். கசிகிற இடத்தில் சுண்ணாம்பு கறுக்கும். பின்முனையில் மேல்தட்டும் அடித்தட்டும் சேரும் மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்தது. அதையும் அடைத்தேன். முக்காலிகளை ஒட்டுக்கு மிக அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் படகு தண்ணீரே நூறு கிலோவுக்கு வந்துவிடும், நடுவில் தொய்ந்தால் புது ஒட்டும் பிளக்கும்.

மிதவை

நாரிழை தண்ணீரைவிட அடர்த்தியானது. உள்ளே தண்ணீர் நிரம்பினால் கயாக் அடிக்குப் போய்விடும். என் படகில் முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் இல்லை. ஆகவே மிதவை வைக்காமல் அதைத் தண்ணீரில் இறக்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் தெர்மாகோல் கட்டிகளை வெட்டி முன்முனையில் திணித்து, மேலே மேட்டும் ரெசினும் போட்டு மூடினேன். அண்ணனிடம் கேட்காமல் செய்த ஒரே வேலை அது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தெர்மாகோல் இருந்த இடத்தில் ஒரு குழி, அடியில் வெல்லப்பாகு போல ஒரு கசடு. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அன்று மாலை பெரியப்பா பட்டறைக்கு வந்திருந்தார். "எங்கள் காலத்தில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் விடுவார்கள். உன்னை நான் எண்ணெய் கேன் கட்டித்தானே விட்டேன்?" என்றார். உண்மை. முதுகில் 5 லிட்டர் கேன் கட்டித்தான் நான் நீந்தப் பழகினேன். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். எட்டு கேன் வைத்தால் 40 லிட்டர். முழுக்க நனைந்த என் படகு தண்ணீருக்குள் எட்டு கிலோ கூட எடை காட்டாது. மீதி முப்பது கிலோவுக்கு மேல் தாங்கும் சக்தி, அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறவருக்கு. முன்முனையில் மூன்று, பின்முனையில் ஐந்து என்று அடுக்கி, மீன் வலைத் துண்டால் மூடி, நாரிழையில் பதித்த வளையங்களில் நாடா போட்டு இழுத்துக் கட்டினேன். கேன் நழுவி வெளியே மிதந்து போய்விட்டால் பயனில்லை, கட்டுதான் முக்கியம்.

இதில் ஒரு நுட்பம் பின்னால்தான் தெரிந்தது. நண்பகல் வெயிலில் மூடி திருகிய கேன், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூடி வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. இரண்டு கேன்களில் அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்திருந்தது. இப்போது விடியற்காலையில், மூடி மரையில் டெஃப்லான் நாடா சுற்றி மூடுகிறேன்.

துடுப்பு

இது என் தொழில் என்பதால் நிம்மதியாகச் செய்தேன். 30 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், 220 சென்டிமீட்டர் நீளம். இரு முனையிலும் 6 மில்லிமீட்டர் நீர்புகா பிளைவுட்டில் அறுத்த தட்டை. குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் துடுப்பு மூழ்கும் என்பதால் லேத்தில் நைலான் அடைப்பான் கடைந்து, ரப்பர் வளையத்தோடு இரு பக்கமும் அடித்தேன். துடுப்பை உயர்த்தும்போது தண்ணீர் குழாய் வழியாக வழிந்து மடியை நனைத்தது. சைக்கிள் டியூபில் இரண்டு வளையம் வெட்டிக் கைப்பிடிக்கும் தட்டைக்கும் நடுவில் மாட்டினேன், அங்கேயே சொட்டிவிடுகிறது.

கிணறு

மார்கழியில் வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணறுகள் நிறைந்திருந்தன. பெரியப்பாவின் நிலம் காவேரிப்பாக்கம் போகும் வழியில். அந்தக் கிணறு 40 அடிக்கு 30 அடி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள் தண்ணீர் வரை இறங்கும். அன்று தரையிலிருந்து எட்டடியில் தண்ணீர். நீர்மூழ்கி மோட்டாரை இறக்குகிற அதே நைலான் கயிற்றை முன்னும் பின்னும் கட்டி, நான்கு பேர் நான்கு பக்கம் நின்று கயாக்கை இறக்கினோம். மஞ்சள் படகு சுவரில் மோதாமல் இம்மி இம்மியாக இறங்கி, பச்சைத் தண்ணீரில் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டார்கள்.

முதலில் ஆள் இல்லாமல் குடம் குடமாக ஊற்றி நிரப்பினோம். விளிம்பு தண்ணீருக்கு ஓரங்குலம் மேலே நின்றது, மூழ்கவில்லை. பிறகு நான் லைஃப் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்து வேண்டுமென்றே சாய்ந்தேன்.

தலைகீழான அந்த நொடியை எழுதியே ஆக வேண்டும். இருட்டு. மூக்கில் தண்ணீர். கால் எங்கோ சிக்கியிருக்கிறது என்ற நினைப்பு. உண்மையில் முழங்கால்தான் இருக்கை வாயின் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. நான் உதைத்தேன். உதைக்கக் கூடாது. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, முன்பக்கம் குனிந்து, பேன்ட்டைக் கழற்றுவது போலப் படகை இடுப்பிலிருந்து கீழே தள்ள வேண்டும். மூன்றாவது தடவை அது வந்தது. மேலே வந்தபோது முழந்தாளில் ரத்தம். விளிம்பு கத்தி மாதிரி இருந்திருக்கிறது. அன்றே தோட்டத்து ரப்பர் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து விளிம்பு முழுவதும் மாட்டினேன்.

மகளுக்கு அதற்கு முன் ஒரு மாதம் அதே கிணற்றில் நீச்சல் பழக்கியிருந்தேன், முதுகில் கேன் கட்டித்தான். அவள் அன்று ஆறு தடவை கவிழ்ந்தாள். ஆறாவது தடவை தண்ணீருக்கு அடியிலிருந்தே படகின் அடிப்பகுதியைக் கையால் மூன்று முறை தட்டிவிட்டு வெளியே வந்தாள். "தட்டுவதற்கு நேரம் இருந்தது அப்பா" என்றாள். அதுவரை எனக்குள் இருந்த பயம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டோம். ஆழத் தண்ணீரில் இந்த வகைக் கயாக்கில் தனியாகத் திரும்ப ஏற முடியவில்லை. எத்தனை முயன்றும் அது புரண்டது. ஆகவே நீந்திக் கரை சேரக்கூடிய தூரத்துக்கு அப்பால் போவதில்லை. கவிழ்ந்தால் படகை விடாமல் பிடித்துக்கொண்டு காலால் உதைத்துக் கரைக்கு வர வேண்டும்.

தை மாதத்தில் பக்கத்து ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்டு, வலை இல்லாத பக்கத்தில் மூன்று காலைகள் ஓட்டிப் பழகினோம். நேராகப் போவதுதான் கடினம். துடுப்பைக் கையால் இழுக்காமல் உடம்பை முறுக்கிப் போட வேண்டும் என்பது பிடிபட்டதும் தோள்வலி நின்றது.

ஆம்னி

அடுத்து கடலோரம் போய், வேனிலேயே ஓர் இரவு தங்கிக் கயாக் ஓட்ட நினைத்தோம். வண்டி மைத்துனருடையது, பழைய மாருதி ஆம்னி வேன். நீளம் 337 சென்டிமீட்டர். கயாக் 305. கூரைக்கு மேல் முன்னும் பின்னும் நீட்டாமல் அடங்கிவிடுகிறது. அதற்காகவே 10 அடிக்கு மேல் தேடவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை நாமாக மாற்றக் கூடாது என்கிறது. வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பது போல வேனுக்குள் அடுப்பு மேடை, தொட்டி, அலமாரி என்று நிரந்தரமாக அடிப்பது இங்கே சரிவராது. ஒரு துளை கூடப் போடாமல், பத்து நிமிடத்தில் கழற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பின் இருக்கையின் முதுகை மடக்கி, அதன் மேல் ஒரு அங்குலச் சதுரக் குழாயில் பற்றவைத்த சட்டம். நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர். சட்டத்தின் மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட், மூன்று துண்டாக. பயணத்தில் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டையால் கட்டிவிடலாம். படுக்கை ஐந்தடி எட்டு அங்குலம். நான் ஐந்தடி ஆறு. இலவம்பஞ்சு மெத்தை போதும். ஸ்பாஞ்சு மெத்தை வியர்க்கிறது.

இரவுக்கு 12 வோல்ட் சிறு மின்விசிறி, ஆறு வாட். எட்டு மணி நேரத்துக்கு நான்கு ஆம்பியர்-மணி எடுக்கும். யுபிஎஸ்ஸில் போடுகிற 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே போதும்தான். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். இரண்டை இணையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் போட்டேன். வண்டி பேட்டரியைத் தொடவே இல்லை. ஜன்னலுக்குக் கொசுவலைத் துணியின் ஓரத்தில் சிறு காந்தங்களைத் தைத்து ஒட்டினோம், அது மனைவியின் வேலை. சமையல் வண்டிக்கு வெளியேதான். மூடிய வேனுக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு மணம் காட்டாமல் ஆளைக் கொல்லும்.

கயாக்கைக் கேரியரில் கட்ட முதலில் லாரிக்காரர்கள் போடுகிற பல்சக்கர நாடாவை வாங்கினேன். இரண்டு இழுப்பில் புது ஜெல்கோட்டில் முடிபோல ஒரு கீறல். நாரிழைக்கு அந்த இழுவை அதிகம். சாதாரணக் கொக்கி நாடா, அடியில் பஞ்சுக் குழாய், முன்முனையிலும் பின்முனையிலும் தனித்தனிக் கயிறு, இவ்வளவு போதும். ஓடும்போது நாடா காற்றில் 'ங்ங்' என்று இரைந்தது. ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் நின்றுவிடுகிறது.

கரை

முதலில் நினைத்தது பழவேற்காடு. வடகோடிக் கடற்கரை, சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி, பூநாரைகள், டச்சுக் கல்லறைகள். ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பறவைகள் சரணாலயம் வேறு. அந்தத் தடையை மதிக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. கேன் கட்டும்போதெல்லாம் அந்த 22 பேர் நினைவில்தான் கட்டினேன். ஆகவே கோவளம் பக்கம் போனோம். அங்கே அலைச்சறுக்குப் பழக்குகிற இளைஞர்களிடம் முன்பே பேசி, எங்கே இறக்கலாம், எங்கே கூடாது என்று கேட்டுக்கொண்டோம்.

மாசி மாதச் சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாகப் போனோம். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. தலையில் படகு சுமந்த ஆம்னி, லாரி முந்தும் காற்றில் அசைகிறது. 50 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி நாடாவைத் தொட்டுப் பார்த்தேன். இரவு, அங்கே ஒருவர் தன் தோப்பில் வண்டியை நிறுத்த அனுமதித்தார். பணம் வாங்கிக்கொண்டார், கிணற்றுத் தண்ணீரும் கொடுத்தார். எலுமிச்சை சாதமும் வறுத்த நெத்திலியும். பாதி இரவில் விழித்தபோது சவுக்கு மரங்களின் இரைச்சல் எது, கடலின் இரைச்சல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. மகள் விழித்துதான் இருந்தாள். இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலை 6 மணிக்கு உப்பங்கழியில் இறக்கினோம். முந்தின நாளே ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தின் அலை அறிவிப்பைப் பார்த்திருந்தேன். விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். தண்ணீர் அமைதியாகத் தெரியும், ஆனால் அந்தக் காற்று நம்மைக் கரையை விட்டு வெளியே தள்ளும். நண்பகல் நெருங்க நெருங்க அது திரும்பிக் கடற்காற்றாகும். வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முகத்துவாரத்தைக் காட்டி, "வற்றம் இழுக்கிறபோது அந்தப் பக்கம் போகாதே தம்பி, வெளியே கொண்டுபோய்விடும்" என்றார். வற்றம் என்றால் கடல் நீர் வடிகிற நேரம். போகவில்லை. கரையிலிருந்து 30 மீட்டருக்குள், காற்றுக்கு எதிராக முதலில் போய், திரும்பும்போது காற்று உதவுமாறு ஓட்டினோம். 8:30 மணிக்குள் திரும்பாவிட்டால் யாரை அழைப்பது என்று மைத்துனர் கையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

மகள் முறை வந்தபோது கரையில் நான் அவளோடு கூடவே நடந்தேன். நீர்க்காகம் ஒன்று படகுக்கு முன்னால் முங்கிப் பின்னால் எழுந்தது. அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அது மறுபடி எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். படகு தானாக மெல்லத் திரும்பியது. நண்டு வலைக் கயிறு ஒன்று அருகில் வந்தபோது மட்டும் குரல் கொடுத்தேன். அவள் துடுப்பைப் பின்னோக்கி ஊன்றி நிறுத்தினாள், கயிற்றைத் தொடவில்லை.

வந்த பிறகு

உப்பு அன்றே வேலை காட்டிவிட்டது. வீடு வந்து நல்ல தண்ணீரில் கழுவும்போதே, வளையங்களுக்கு நான் போட்ட சாதாரண முலாம் பூசிய போல்ட்டுகளைச் சுற்றிப் பழுப்பு வட்டம். எல்லாவற்றையும் கழற்றித் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினேன். துடுப்பில் அலுமினியமும் எஃகு ரிவெட்டும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அங்கே நைலான் வாஷர் கடைந்து நடுவில் வைத்தேன். லைஃப் ஜாக்கெட்டின் ஜிப்பையும் மறக்காமல் அலச வேண்டும்.

படகின் பின்முனையில் பஞ்சால் ஒற்றி எடுத்துப் பிழிந்தபோது 300 மில்லிலிட்டர் தண்ணீர் வந்தது. மடியிலிருந்து சொட்டியது அவ்வளவு இராது. மறுபடி முக்காலி மேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே சுண்ணாம்பு தேய்த்துக் காத்திருந்தோம். கால் மணி நேரம் கழித்து, நான் சந்தேகப்பட்ட ஒட்டில் அல்ல, நாடா வளையத்துக்குத் துளையிட்ட இடத்தில் கடுகளவு கறுப்பு தெரிந்தது. மகள் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினாள். நாளை விடியற்காலை 5 மணிக்கு ரெசின் கலக்க வேண்டும்.